ஓட்டை சுட்டுக் கொடுத்தவர்

கங்கு அண்ணன் தன் கொழுந்தியாளுக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கடன்பட்டிருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவர் வாயிலிருந்து இது வராது. கேட்டால், "கொழுந்தியா கொஞ்சம் பணம் நம்மகிட்ட போட்டு வச்சிருக்கா" என்பார். ஊரில் இருக்கிற வங்கிகளையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு, எதுவும் சரிப்படாமல், அவள் கடைசியில் இவரிடம் வந்து சேர்ந்ததைப் போல.

நடந்தது வேறு. ஒரு பெருமழையில் அவருடைய செங்கல் சூளையின் புகைபோக்கி பிளந்து படுத்துவிட்டது. கங்கு அண்ணன் பிறந்ததிலிருந்து யாரிடமும் கை நீட்டியவர் இல்லை. அன்றைக்கும் நீட்டவில்லை. மனைவியை அனுப்பினார். மனைவி தன் தங்கையிடம் போனாள். தங்கை தையல்காரி. ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பும் ஆபரேஷன் அங்கியும் தைத்துத் தைத்துச் சேர்த்த பணத்தை அப்படியே எடுத்து அக்காவின் கையில் கொடுத்தாள். ஒரு வருஷத்தில் திருப்புவதாகப் பேச்சு. புகைபோக்கி எழும்பியது. புகையும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. வருஷம்தான் ஐந்தாகிவிட்டது.

கங்கு என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சூளைக்காரர்கள் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். மூன்றாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனார். ஒரு மனிதனுக்கு வேண்டியதெல்லாம் மூன்றாம் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. அதற்கு மேல் இருப்பது பெஞ்சில் உட்காரும் பழக்கம்தான். பத்து வயதில் தலையில் செங்கல் ஏறியது. மண் மிதித்தார், கல் அறுத்தார், அடுக்கினார், கடைசியில் நெருப்புக்காரர் ஆனார். சூளைச் சுவரில் கண் என்று விட்டிருக்கும் துளை வழியாக ஒருமுறை எட்டிப் பார்ப்பார். "இன்னும் சிவப்பா இருக்கு. மஞ்சளாகட்டும்" என்பார். அவர் சொன்ன மஞ்சளில் நிறுத்திய கல்லைச் சுண்டினால் வெண்கல மணி போலச் சத்தம் வரும். கூலிக்காரராக நுழைந்த சூளையை முப்பத்தைந்து வயதில் சொந்தமாக வாங்கினார். இதில் யாருடைய உதவியும் இல்லை. வாங்க உதவியவர்களே இதை ஒப்புக்கொள்வார்கள்.

அவருடைய கல்லின் பெருமை ஒன்றே ஒன்று. அது தண்ணீர் குடிக்காது. வேறு சூளைக் கல்லைத் தண்ணீரில் போட்டால் குமிழி விட்டுக்கொண்டு குடிக்கும். இவர் கல் கம்மென்று கிடக்கும். யார் வந்தாலும் இதைக் காட்டாமல் அனுப்ப மாட்டார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரைக்கூட நிற்க வைத்து, வாளியில் கல்லை முக்கி எடுத்து, தராசில் போட்டுக் காட்டியிருக்கிறார். மீட்டர்காரர் அதற்குப் பிறகு வாசலிலிருந்தே எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடுவார்.

சூளைக்கு அடுத்தாற்போல நிலக்கரியில் ஓடும் மின் நிலையம். அது நாள் முழுக்கச் சாம்பல் கக்கும். தெருவில் யாரும் வெள்ளைத் துணியை வெளியே காயப்போட முடியாது. சாம்பலை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் நிலையத்துக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, "இங்க கொட்டுங்க" என்றவர் கங்கு அண்ணன். மண்ணோடு சாம்பலைக் கலந்து கல் அறுத்தார். மண் செலவு பாதியானது. ஊருக்கு வெளிச்சம் கொடுப்பது மின் நிலையம், அந்த மின் நிலையம் மூச்சு விடுவது தன்னால் என்பது அவருடைய கணிப்பு.

பிறகு ஹாலோ பிளாக் வந்தது. ஊரே நடுவில் ஓட்டை போட்ட சிமெண்ட் கல்லை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தது. "ஓட்டைக்கும் சேத்துல்ல காசு வாங்குறான்! வாங்குறவனுக்கு அது தெரியல பாரு" என்று மனைவியிடம் தினமும் சொன்னார். மனைவி தினமும் "ஆமாங்க" என்றாள். கல் அடுக்கியபடியே நின்றது. ஒரு காண்ட்ராக்டர் மட்டும் பாதி விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தான். கங்கு அண்ணன் அவனுக்குப் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் தையல்காரி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"அத்தான், ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு ரூம் காலியாகுது."

"நல்ல எடம்."

"நல்ல எடம்னு எனக்கும் தெரியும். இப்ப கட்டிலைத் தூக்கிச் சுவர்ல சாத்திட்டுத்தான் மிஷின் போடுறேன். ஆஸ்பத்திரியில ஆர்டரை ரெண்டு மடங்காக்குறாங்க. எடம் இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். ரூம்காரர் மாசக் கடைசி வரைக்கும் பாப்பாராம். அட்வான்ஸும் ரெண்டு மிஷினும் சேர்த்தா எவ்வளவு தெரியுமா?"

"எவ்வளவு?"

"உங்ககிட்ட நான் போட்டு வச்சிருக்கேன்ல, அவ்வளவு."

அந்த வார்த்தை அவள் காதுவரை போயிருக்கிறது என்று கங்கு அண்ணனுக்குத் தெரியாது. மனைவி அடுப்படிப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

"மாசக் கடைசிக்குள்ள உன் கையில இருக்கும்" என்றார். சொல்லும்போது அவரிடம் இருந்தது விற்காத செங்கலும் விற்கத் தெரியாத சாம்பலும்.

நான்கு நாள் கழித்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. படித்த படிப்பைச் சொன்னாள். நீளமாக இருந்ததால் கங்கு அண்ணன் அவளுக்கு மருந்தம்மா என்று பெயர் வைத்துக்கொண்டார்.

"ஐயா, இந்தச் சாம்பல் பத்து மூட்டை கிடைக்குமா?"

"எதுக்கு? பாத்திரம் விளக்கவா?"

"மருந்துக்கு."

"மாத்திரையில இதுவரைக்கும் மாவுதான் கலக்குறீங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

மருந்தம்மா சிரிக்கவில்லை. இந்த மாதிரிப் பேச்சைப் பல இடங்களில் கேட்டுவிட்டு வந்தவள்.

"சாம்பல்ல பாதி, மணல்ல இருக்கிற அதே சரக்குதான் ஐயா. அதைச் சோடாக் காரத்துல கரைச்சு, கசடை வடிகட்டிடுவோம். தெளிஞ்ச தண்ணியில சோப்பு மாதிரி ஒண்ணைக் கலந்து வெள்ளைத் தூளாப் படிய வைப்போம். தூளுக்குள்ள சோப்பு நூல் நூலா மாட்டிக்கிட்டு நிக்கும். சுட்டா சோப்பு எரிஞ்சு போயிடும். அது இருந்த எடமெல்லாம் ஓட்டையா நிக்கும்."

"சரி, ஓட்டையாயிடுச்சு. அப்புறம்?"

"அந்த ஓட்டையிலதான் மருந்து. வயித்துக்குள்ள போய் ஒரேயடியாக் கொட்டாம, கொஞ்சம் கொஞ்சமாக் கசியும். மூணு வேளை முழுங்குறவங்க ஒரு வேளை முழுங்கினாப் போதும்."

"ஓட்டை என்ன சைஸ்?"

"கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை விக்கிறீங்க."

"ஆமா."

கங்கு அண்ணன் சாம்பல் மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஹாலோ பிளாக்காரனை அவர் தேவையில்லாமல் திட்டிவிட்டார். அவன் ஓட்டையையாவது கண்ணால் பார்க்கலாம்.

மருந்தம்மாவுக்கு ஒரு தொல்லை இருந்தது. முன்பே வாங்கிய சாம்பலில் படிய வைத்த தூள் நாற்பது கிலோ சுடாமல் கிடந்தது. அவர்களுடைய உலையில் ஒரு தடவைக்கு அரைக் கிலோதான் போகும். மாத்திரை அடிக்கும் மிஷினில் ஓட்டிப் பார்க்க நாற்பது கிலோ வேண்டும். யாரும் முழுங்கப் போவதில்லை, இப்போதைக்கு மிஷினுக்கும் பரிசோதனைத் தொட்டிக்கும்தான். பெரிய உலை வாங்க ஆபீசில் அனுமதி வர ஒரு வருஷம் ஆகும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் கங்கு அண்ணன் எழுந்துவிட்டார்.

"உலைதானே? வாங்க."

கொட்டகைக்குப் பின்னால் பீரோ மாதிரி ஒரு கேஸ் உலை நின்றது. மூடிப்போன ஓட்டுக் கம்பெனி ஒன்று செங்கல் பாக்கிக்குப் பதிலாகத் தள்ளிவிட்டது. மூடி போட்ட பீங்கான் பெட்டிகளும் கூடவே வந்தன. சூடு காட்டும் மீட்டரும் அதில் இருந்தது. கங்கு அண்ணன் அதன் மேல் சட்டையை மாட்டி வைத்திருந்தார்.

மருந்தம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், பெட்டிகளைத் தடவிப் பார்த்தாள். நாலு தடவையாகச் சுட்டுத் தர வேண்டும். ஒரு தடவைக்கு எண்பதாயிரம். பரிசோதனையில் தேறினால்தான் பணம்.

"எவ்வளவு சூடு?"

"ஐநூத்தி அம்பது. அதுக்கு மேல கூடாது. மெதுவா ஏத்தி, ஆறு மணி நேரம் அப்படியே நிறுத்தணும். மூடியை லேசாத் திறந்து வைங்க, காத்து போகணும்."

"ஐநூத்தம்பதா? அதுல என் கல்லு போர்வை கேக்குமே அம்மா."

"ஐநூத்தி அம்பதுதான் ஐயா" என்று அவள் மறுபடியும் சொன்னாள். புறப்படும்போது ஹெல்மெட்டுக்குள்ளிருந்தும் ஒருமுறை சொன்னாள். கங்கு அண்ணன் தலையாட்டினார். விலை குறைக்கச் சொல்லும் வாடிக்கையாளர்களுக்கு அவர் ஆட்டுவதும் அதே தலையாட்டல்தான்.

முதல் பத்து கிலோ வந்தது. பெட்டிகளில் நிரப்பி, உலையில் அடுக்கி, பற்ற வைத்தார். ஐநூற்றைம்பது என்று சட்டைக்குப் பின்னாலிருந்து மீட்டர் காட்டியபோது கண் வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே இருட்டு. பட்டப்பகல் வெளிச்சத்தில் அந்தச் சூட்டுக்கு நிறமே கிடையாது. ஆனால் கங்கு அண்ணனின் வாழ்க்கையில் இருட்டான உலை என்றால் அணைந்த உலை. ஓட்டுக் கம்பெனிக்காரன் ஓட்டை மீட்டரைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவுகட்டி, சட்டையை இழுத்து நன்றாக மூடிவிட்டு, வால்வைத் திருகினார். சிவந்தது, ஆரஞ்சானது, மஞ்சளானது. அந்த அம்மா கேட்டதற்கு மேல் இரண்டு மடங்கு சூடு, அதுவும் இலவசமாக. கேஸ் செலவு தன்னுடையது. குறைத்துச் செய்தால்தானே குற்றம்?

ஆறியபின் திறந்தார். பெட்டி நிறையப் போட்ட தூள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, கட்டி தட்டி, பளபளவென்று இருந்தது. ஒரு கட்டியின் மேல் சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு முத்து மாதிரி உட்கார்ந்தது, இறங்கவில்லை.

"வந்து பாரு. இந்தப் பொடிகூட என் கைக்கு வந்ததும் தண்ணி குடிக்க மாட்டேங்குது" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லதாங்க?"

"இதுக்கு மேல நல்லது கெடையாது."

மருந்தம்மா வந்தாள். ஒரு கட்டியை எடுத்தாள், நகத்தால் சுரண்டினாள், நிறமேற்றிய தண்ணீரை ஒரு சொட்டு விட்டாள். சொட்டு உட்கார்ந்தது.

"எவ்வளவு சூடு ஏத்தினீங்க ஐயா?"

"மஞ்சள் வரைக்கும். உங்களுக்காகத்தான்."

"ஓட்டை எல்லாம் மூடிடுச்சு."

"ஆமா" என்றார் கங்கு அண்ணன். நாற்பது வருஷமாக அவர் கேட்டுப் பழகிய பாராட்டு அது.

"ஓட்டைதான் ஐயா சரக்கு. ஓட்டை மூடிட்டா மருந்து எங்க உக்காரும்?"

மருந்தம்மா கோபப்படவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. இந்தப் பத்து கிலோவைப் படிய வைக்க மூன்று வாரம் ஆனது என்றாள். இதற்குப் பணம் கிடையாது, பாழான தூளுக்கான செலவையும் கழிக்க வேண்டியிருக்கும் என்றாள். மீதி மூன்று தடவையைத் தருவதா இல்லையா என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

"மீட்டர் கெட்டுப் போச்சும்மா. உள்ள இருட்டா இருந்துச்சு, அதனாலதான்."

மருந்தம்மா சட்டையை ஒதுக்கிவிட்டு, கைப்பையிலிருந்து தன்னுடைய சூடுமானியை எடுத்து உலைக்குள் விட்டு, பற்ற வைக்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. அவள் சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

செய்தி தையல்காரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா, தங்கைக்குள் போன் எதற்கு இருக்கிறது. சாயங்காலமே கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"என் அட்வான்ஸை உருக்கிட்டீங்களாமே அத்தான்?"

"உருக்கல. கொஞ்சம் நல்லா வெந்திடுச்சு."

"அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட யாராவது லேசா வதக்கச் சொன்னா என்ன பண்ணுவாரு?"

"கருக்கிடுவாரு" என்றாள் மனைவி. முப்பது வருஷத்தில் அவள் சொன்ன முதல் விமரிசனம் அது. கங்கு அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் மூணு தடவை கெடைச்சா எனக்கு வேண்டியது வருமா, வராதா?"

கங்கு அண்ணன் மனதுக்குள் கூட்டிக் கழித்தார். "ஏறத்தாழ வரும். அந்தம்மாவுக்குத்தான் நம்பிக்கை இல்ல."

"எனக்குந்தான் இல்ல. போன் நம்பரைக் குடுங்க."

தையல்காரி கொட்டகைக்கு வெளியே போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்பது உள்ளே கேட்கவில்லை. 'பக்கத்துலயே உக்காந்துக்குறேன்' என்பது மட்டும் இரண்டு தடவை கேட்டது. மறுநாள் காலையில் தூளும் வந்தது, தையல்காரியும் வந்தாள். கையில் நாடா வைக்க வேண்டிய அங்கிகள் ஒரு மூட்டை. ஒரு வாளியைக் கவிழ்த்து கேஸ் வால்வுக்கு அருகில் போட்டு உட்கார்ந்தாள். மீட்டர் மேல் சட்டை மறுபடியும் ஏறியிருந்தது.

"இது என்ன?"

"சட்டை."

"இங்க எதுக்கு மாட்டியிருக்கு?"

"ஆணி இருந்துச்சு."

அவள் சட்டையை எடுத்துத் தன் மூட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உலை மெதுவாக ஏறியது. சோப்பு எரியும் வாடை வந்தது, போனது. மீட்டர் ஐநூற்றைம்பதில் வந்து நின்றது. கங்கு அண்ணன் கண் வழியாகப் பார்த்தார். இருட்டு.

"அணைஞ்சு போச்சு போலிருக்கே."

"அணையல. ஐநூத்தி அம்பத்தி ஒண்ணு காட்டுது. கொஞ்சம் குறைக்கட்டுமா?"

"குறைக்கவா! ஏம்மா, ஒரு சுத்து ஏத்திப் பாப்போம். சுத்துகூட வேணாம், அரைச் சுத்து."

"அத்தான், கையில ஊசி இருக்கு."

அவர் நடந்தார். சூளையைச் சுற்றிவிட்டு வந்தார். மறுபடி பார்த்தார். இருட்டு. உலைக்கு முன்னால் ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு அவருக்கு யாரும் கற்றுக் கொடுத்ததில்லை, மூன்றாம் வகுப்பிலும் இல்லை. பாதி நெருப்பில் கல்லை எடுக்கிறவனுக்கு அவர் தன் சூளையில் ஒருநாளும் வேலை கொடுத்ததில்லை. இப்போது அவரே பாதி நெருப்பில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கடன் கொடுத்தவள் காவல்.

"நெருப்பு தெரியாதவங்க பேச்சைக் கேட்டு நெருப்பு வைக்க வேண்டியதாப் போச்சு" என்றார்.

"நெருப்பு தெரிஞ்சவர் வச்சதைத்தான் பாத்தோமே" என்று அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "டீ போடச் சொல்லுங்க. அதையாவது கொதிக்க விடலாம்."

மதியத்துக்கு மேல் அவளுக்குக் கண் சொருகியது. தலை மெல்லச் சாய்ந்தது. கங்கு அண்ணனின் கை தானாகவே வால்வை நோக்கிப் போனது. இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கைக்குப் பழக்கம். விரல் வால்வைத் தொட்ட இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். அவள் மடியில் முடிந்த அங்கிகளும் முடியாத அங்கிகளும் கிடந்தன. விரல் நுனிகளில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த தடிப்பு. அவர் கையை எடுத்துக்கொண்டார். தூரப் போய் அடுக்கி வைத்த செங்கல்மேல் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். ஆறு மணி நேரம் முடிந்தது என்று மனைவி வந்து சொல்லும்வரை அப்படியே இருந்தார்.

மறுநாள் பெட்டிகளைத் திறந்தார்கள். போட்ட தூள் ஏறக்குறையப் போட்ட அளவிலேயே இருந்தது. ஊதினால் பறக்கும் போல, மாவு மாதிரி, கைக்குக் கனமே இல்லாமல். கங்கு அண்ணனுக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மருந்தம்மா நிறத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சொட்டு விழுந்த சுவடு தெரியாமல் உள்ளே போனது. இன்னும் விட்டாள். அதையும் குடித்தது. தூள் மேலுக்கு உலர்ந்தபடியே நின்றது.

"குடிக்குதே" என்றார் கங்கு அண்ணன், யாரோ செத்துப்போனதைச் சொல்லும் குரலில்.

"அருமையாக் குடிக்குது ஐயா."

"என் ஆயுசுல நான் சுட்டதிலேயே இவ்வளவு மட்டமான சரக்கு இதுதான்."

"மீதி ரெண்டு தடவையும் இதே மாதிரி மட்டமாச் சுட்டுக் குடுத்திடுங்க."

சுட்டுக் கொடுத்தார். இரண்டு தடவையும் தையல்காரி வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கம்பெனி பணம் போட்டது. முதல் பத்து கிலோவின் செலவைக் கழித்துக்கொண்டுதான் போட்டது. கடனுக்குப் பன்னிரண்டாயிரம் குறைந்தது. கங்கு அண்ணன் வீட்டுக்குப் பின்னால் போய் யாருக்கும் கேட்காமல் அந்தக் காண்ட்ராக்டருக்குப் போன் செய்து, ஒரு லோடு கல்லை அவன் கேட்ட பாதி விலைக்கே கொடுத்தார். "இப்பவாவது புத்தி வந்துச்சே அண்ணே" என்றான் அவன். கங்கு அண்ணன் அதையும் கேட்டுக்கொண்டார்.

தையல்காரியின் வீட்டுக்கு அவர் தானே போனார். மனைவியை அனுப்பவில்லை, கூடத்தான் அழைத்துப் போனார். கட்டில் சுவரில் சாய்ந்து நின்றது. உட்கார இடமில்லாததால் மூவரும் நின்றார்கள்.

"உன் பணம்" என்று கட்டுகளை நீட்டினார். "எண்ணிக்கோ."

"நீங்களே எண்ணுங்க அத்தான். அஞ்சு வருஷமாக் கேக்கணும்னு ஆசை."

அவள் கையை விரித்து நீட்டினாள். அவர் சத்தமாக எண்ணி வைத்தார். கை நிறைய நிறைய அவள் அதை மிஷின்மேல் வைத்துவிட்டு மறுபடி கையை விரித்தாள். இரண்டு லட்சத்துப் பத்தாயிரமும் முடிந்தது. கங்கு அண்ணன் மார்பை நிமிர்த்தினார். அவள் கை மட்டும் மூடவில்லை.

"என்னம்மா?"

"மூணு நாள் வால்வு காவல்."

"சொந்தத்துக்குள்ள அதுக்கெல்லாமா கூலி?"

"சொந்தத்துக்குள்ளதான் அஞ்சு வருஷம் இருந்துச்சு."

கங்கு அண்ணன் மனைவியைப் பார்த்தார். மனைவி, "குடுத்திடுங்க" என்றாள்.

"சரி. எடுபிடிக் கூலிதானே?"

"நெருப்புக்காரன் கூலி."

"நெருப்புக்காரன் கூலியா! நெருப்புன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. நான் பாத்துக்கிட்ட மூணும் தேறுச்சு. நீங்க பாத்துக்கிட்டது?"

கங்கு அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். செங்கல் விற்றதில் மிஞ்சியது கொஞ்சம் இருந்தது. முதல் நாள் கூலியை எண்ணி அந்த விரித்த கையில் வைத்தார். இரண்டாம் நாள் கூலியை வைத்தார். மூன்றாம் நாளுக்கு வந்தபோது, முதல் நாள் அவள் அரை மணி நேரம் தூங்கியதை ஞாபகப்படுத்தினார். அவள் விரலை மடக்கவே இல்லை. அவர் அதையும் சேர்த்து, ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.